சிறந்த நடிகைக்கு அசல் நான்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பதாகவே எண்ணிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம். அவளுக்கு முழங்காலில் வலி உண்டு. எனக்கு வலி என்று எதுவும் இல்லை, தங்கள் இதழின் இருபத்து மூன்றாம் பக்கத்தைத் தவிர.

நான் தங்கள் வாசகன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர்தான் தங்கள் வாசகர். இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனவனிடம் மாத்திரையைக் கொடுக்காமல் தங்கள் இதழைப் பிரித்துக் கொடுத்தார். அதில், சிறந்த நடிகைக்கான தேசிய விருது இந்த ஆண்டு யாருக்குக் கிடைத்திருக்கிறதோ அவருடைய பேட்டி வந்திருக்கிறது. நான்காவது கேள்வி: “இந்த விடுதிக் காப்பாளர் பாத்திரத்துக்கு உங்களுக்கு முன்மாதிரி யார்?” பதில்: “யாரும் இல்லை. முழுக்க முழுக்கக் கற்பனைதான்.” மேற்படி நடிகை என் ஒரே மகள். மேற்படி பதில் தவறு. அந்தப் பாத்திரத்தின் அசல் நான்தான். அடுத்த இதழில் இதற்கு ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். புகழுக்காக எழுதுவதாகத் தாங்கள் நினைக்கக் கூடாது. எழுதுபவனின் தொழிலைத் தெரிந்துகொண்டால் அப்படி நினைக்கவும் மாட்டீர்கள்.

நான் நீதிமன்ற நகல் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒப்புநோக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு தீர்ப்புக்கு நகல் கேட்டு விண்ணப்பம் வந்தால் தட்டச்சர் அடித்துத் தருவார். பிறகு நீளமான மேசையின் ஒரு பக்கம் வாசிப்பவர் உட்கார்ந்து அசலை உரக்கப் படிப்பார். காற்புள்ளி வந்தால் காற்புள்ளி என்றே சொல்லிப் படிப்பார். மறுபக்கம் நான் நகலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலை ஓட்டி “ம்” என்பேன். எல்லாம் ஒத்துப்போனால் கடைசியில் ‘உண்மை நகல்’ என்ற முத்திரையும் என் கையெழுத்தும் விழும். இந்த வேலையில் ஒரே ஒரு சூட்சுமம்தான்: என்ன எழுதியிருக்கிறது என்பது மண்டைக்குள் போகக் கூடாது. போனால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து தப்பிவிடும். கொலை, விவாகரத்து, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று எத்தனையோ என் பென்சிலுக்கு மேலே போயிருக்கின்றன. ஒன்றில்கூட என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பிரிவில் ஒரே ஒரு தடவை ஒரு தீர்ப்பில் ‘இல்லை’ என்ற சொல் விடுபட்டு, ஒரு மனிதர் மூன்று நாட்கள் குற்றவாளியாக இருக்க நேர்ந்தது. அன்று நான் விடுப்பில் இருந்தேன். இப்படிப்பட்ட ஒருவன் வீட்டிலிருந்தே அசலைக் குறிப்பிடாமல் ஒரு நகல் வெளியே போய், அதற்குத் தேசிய விருதும் கொடுத்துவிட்டார்கள் என்றால் என் நிலைமையைத் தாங்களே எண்ணிப்பாருங்கள்.

மகள் எங்களைவிட்டுப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நடிக்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் கூப்பிடுவாள். நான் எடுத்தால் “இரு, அம்மாகிட்ட தர்றேன்” என்பேன். ஒன்பது ஆண்டுகளில் அவளோடு நான் பேசியது பெரும்பாலும் இவ்வளவுதான். அவள் நடித்த படம் எதையும் நான் பார்த்ததில்லை. என் மனைவி பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள், எங்கே போனாய் என்று நானும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. விருது அறிவிப்பு வந்த அன்று தெருவே தலைகால் புரியாமல் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் கடையைத் திறந்துபோட்டுவிட்டே வந்தார். எல்லோரும் என்னைப் பார்த்து “படம் எப்படி சார்?” என்றார்கள். பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “ம்” என்றேன். மறுநாள் மதியக் காட்சிக்கு மனைவி என்னைக் கூட்டிப்போனாள்.

படத்தின் கதை தங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதி. அதற்கு ஒரு காப்பாளர். கண்டிப்பென்றால் அப்படி ஒரு கண்டிப்பு. அங்கே தங்கியிருக்கும் ஒரு பெண், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று விடுப்புக் கடிதம் எழுதுகிறாள். காப்பாளர் அனுமதி தருவதில்லை. அந்தத் தாய் இறந்துபோகிறாள். இவ்வளவுதான் கதை. முதல் கால் மணி நேரம் நான் கடனே என்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சமையல்கார அம்மாள் காப்பாளர் முன்னால் தேநீர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். காப்பாளர், அதாவது என் மகள், நிமிர்ந்து பார்க்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. இரண்டு விரலால் டம்ளரின் விளிம்பைத் தொட்டுவிட்டு, அதை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தாள். சூடு போதவில்லை என்று அர்த்தம். சமையல்கார அம்மாள் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு போனாள். அரங்கத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆசிரியர் அவர்களே, அந்த இரண்டு அங்குலம் என்னுடையது. அதை நான் கல்யாணம் ஆன முதல் மாதத்திலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறேன். திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். யாராவது பேச வந்தால் எழுதுவதை நிறுத்தாமல் “ம்” என்பது. பேச்சு பிடிக்காவிட்டால் இடதுகை ஆள்காட்டி விரலைத் தூக்கி, முதலிலிருந்து சொல் என்று காட்டுவது. பத்திரிகையை நான்காக மடித்து, அதனாலேயே நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வது. எதிரே இருப்பவர் அழத் தொடங்கினால் கண்ணாடியைக் கழற்றி, ஆவி விட்டு, அழுது முடிக்கும்வரை துடைப்பது. பேசிக்கொண்டிருப்பவர்கள் தலைக்கு மேலே இருக்கும் விளக்கை அணைத்துவிட்டுப் போவது. எல்லாம் எங்கள் வீட்டுச் சொத்து. எனக்கு வந்த முதல் உணர்ச்சி பெருமைதான், அதை மறைப்பானேன். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள் “இவள் நாசமாப் போக” என்று முணுமுணுத்தாள். அசல் தன் முழங்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் எழுந்து மரியாதை செய்திருப்பாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

முக்கியமான சான்று அந்த விடுப்புக் கடிதம். படத்தில் காப்பாளர் அந்தப் பெண்ணின் கடிதத்தை வாங்கி, சிவப்புப் பேனாவால் எழுத்துப் பிழைகளை வட்டம் போட்டு, பதில் எதுவும் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். விருதுக் குழுவின் பாராட்டுரை இந்தக் காட்சியை ‘நெஞ்சை உறைய வைக்கும் கற்பனை’ என்கிறது. கற்பனையாவது ஒன்றாவது. என் மகள் பத்தொன்பது வயதில், நாடகப் பள்ளியில் சேர அனுமதி கேட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். என்னிடம் எதையும் எழுத்து மூலமாகக் கேட்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஒன்றரைப் பக்கம். பதினோரு பிழைகள். வட்டம் போட்டு, ‘திருத்திய படியைத் தரவும்’ என்று கீழே குறிப்பெழுதி அவள் மேசைமேல் வைத்தேன். திருத்திய படி வரவேயில்லை. மூன்று வாரம் கழித்து அவள் போய்விட்டாள். அந்தக் கோப்பு இன்னும் முடிக்கப்படாமலேயே இருக்கிறது. படத்தில் வட்டம் போட்ட பிழைகளை எண்ணினேன்: ஏழு. அசலில் பதினொன்று. மீதி நான்கு என்ன ஆயின என்பதற்கு இயக்குநர்தான் விளக்கம் தர வேண்டும். என் பிரிவாக இருந்தால் இந்த நகலைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஒருமுறை பார்த்து ஒப்புநோக்க முடியாது என்பதால் மறுபடி மறுபடி போனேன். மொத்தம் ஆறு தடவை. என்னுடையவை என்று பதினெட்டு அசைவுகள் பட்டியலில் ஏறின. நான்காவது தடவை வம்பில் மாட்டிக்கொண்டேன். குறிப்பெடுக்க நோட்டும், இருட்டில் எழுதுவதற்குச் சின்ன டார்ச்சும் கொண்டு போயிருந்தேன். ஒரு கிழவர் நான்கு நாளாக அதே இருக்கையில் உட்கார்ந்து அடிக்கடி வெளிச்சம் அடிக்கிறார் என்று எவரோ புகார் செய்ய, நான் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறேன் என்று முடிவு கட்டி, கையும் களவுமாகப் பிடித்து மேலாளர் அறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மேலாளர் நல்ல மனிதர். நோட்டைப் புரட்டினார். ‘டம்ளர் – 2 அங்குலம் – சரி’, ‘கண்ணாடி – துடைத்தல் – அசலில் கைக்குட்டை, நகலில் சேலைத் தலைப்பு’ என்றெல்லாம் எழுதியிருந்ததைப் பார்த்து என்ன இது என்று கேட்டார். இந்தப் படத்தின் அசல் நான்தான் என்றேன். அவர் உடனே குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாராவது இருக்கிறார்களா, நம்பர் தர முடியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கேன்டீன் அம்மாள் அவருக்குத் தேநீர் கொண்டுவந்தாள். நான் அவருடைய டம்ளரின் விளிம்பைத் தொட்டு இரண்டு அங்குலம் தள்ளினேன்.

கேன்டீன் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிக்கெட் கிழிப்பவர், டார்ச்காரர், வண்டி நிறுத்துமிடத்துக்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள். விரலைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். பத்திரிகையை மடிக்கச் சொன்னார்கள், மடித்தேன். கண்ணாடியைத் துடைத்தபோது கைதட்டினார்கள். வாழ்நாளில் எனக்கு யாரும் கைதட்டியது அதுவே முதல் தடவை, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கடைசியில் மேலாளர் என் தோளில் கைபோட்டு, “அந்தம்மா மாதிரியே பண்றீங்க சார். நல்லா காப்பி அடிக்கிறீங்க. ஆனா அவங்க பண்றப்ப நமக்குப் பாவமா இருக்கும். நீங்க பண்றப்ப பயமா மட்டும்தான் இருக்கு” என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன். இல்லை என்றார்.

சரி, தியேட்டர்காரர்களுக்கு விவரம் போதாது என்று விட்டுவிடலாம். தெருவும் அப்படியே ஆகிவிட்டதை எங்கே போய்ச் சொல்வது? மருந்துக்கடையில் வழக்கம்போல் விரலைத் தூக்கினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “சார் படத்தைப் பார்த்துப் பார்த்து அப்படியே ஆயிட்டார்” என்றார் மருந்துக்கடைக்காரர். சலூனில் பத்திரிகையை மடித்தால் “வார்டன் வந்தாச்சு” என்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் வந்திருந்தபோது மனைவி கொண்டுவந்த டம்ளரைத் தள்ளினேன், தள்ளியதுதான் தாமதம், அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்து, “உங்க பொண்ணு அளவுக்கு வரலைங்க, இன்னும் கொஞ்சம் மெதுவா தள்ளணும்” என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். என் மனைவியும் சிரித்தாள். அவள் அந்த டம்ளரைப் பார்த்துச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. இப்போது நான் ஆறிய தேநீரை அப்படியே குடித்துக்கொண்டிருக்கிறேன். அசலை நகல் என்று சொல்லி வெளியே தள்ளிவிட்டார்கள் ஆசிரியரே, சொந்த விரலைத் தூக்க எனக்கு வீட்டிலேயே உரிமை இல்லாமல் போய்விட்டது.

ஆகவே சென்ற ஞாயிறு தொலைபேசி மணி அடித்தபோது நானே எடுத்து, மனைவியிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

“அப்பா? அம்மா இல்லையா?”

“இருக்கா. நான்தான் பேசறேன்.”

“அம்மாவுக்கு என்னாச்சு?” என்றாள். நான் பேசினால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமாம். அம்மா சமையலறையில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

“அந்த டம்ளர் யாரோடது?”

“எந்த... அதுவா? நானா யோசிச்சதுப்பா.”

“பேப்பரை நாலா மடிக்கிறது?”

“அதுவும்தான்.”

“பொய் சொல்லாதே.”

மெதுவாகச் சொன்னாள்: “யாருன்னு சொன்னா ஊரே உங்களைத் திட்டும்பா. அது எதுக்கு?”

புரிகிறதா ஆசிரியரே, ஒப்புக்கொண்டுவிட்டாள். ஊர் திட்டுவது பற்றி நான் கேட்கவே இல்லை. கேட்டதற்குப் பதில் அதுவும் அல்ல. ஆனால் அசல் யார் என்பதில் இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. அதோடு அவள் நிறுத்தவில்லை. விருது வழங்கும் விழாவுக்குத் தன் பெயரில் இரண்டு பேருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். “அம்மா வருவாங்க. நீங்களும் வர்றீங்களா?” என்றாள். அவள் என்னை எங்கேயாவது கூப்பிட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. உடனே சரி என்று சொல்லத்தான் தோன்றியது, ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா. “முதல்ல அந்தப் பேட்டியைத் திருத்தச் சொல்லு. அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே இருக்கின்றன. இனி நான் போவதும் போகாததும் தங்கள் கையில்தான் இருக்கிறது.

படத்தின் கடைசிக் காட்சி பற்றியும் ஒரு சொல். தாயை இழந்த அந்தப் பெண் விடுதியைக் காலி செய்கிறாள். காப்பாளர் அவள் அறை வாசலில் வந்து நிற்கிறார். பெட்டியை வாங்கிக்கொண்டு மூன்று மாடியும் தானே இறங்குகிறார். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, “உன் லெட்டரை நான் படிச்சிருக்கணும்” என்கிறார். படம் முடிகிறது. விருதுக் குழு இந்தக் காட்சிக்கே பாதிப் பாராட்டுரையைச் செலவழித்திருக்கிறது. மற்ற பதினேழும் என்னுடையவை என்னும்போது பதினெட்டாவதும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எந்த ஆண்டு, யாரிடம், எந்த மாடியில் என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. பட்டியலில் அந்த இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் நேர்சாட்சி என் மனைவி. அவளிடம் கேட்டு நிரப்பி, கையெழுத்தும் வாங்கி இணைத்துவிடுகிறேன். மகளின் கடிதத்துக்கும் நகல் எடுத்திருக்கிறேன். அசலை மனைவி துணி அலமாரியில் வைத்திருக்கிறாள். அதை அவள் வாசிக்க, நான் நகலோடு ஒப்புநோக்கி, முறைப்படி ‘உண்மை நகல்’ என்று எழுதி அனுப்புவேன்.

தாங்கள் வெளியிட வேண்டிய திருத்தம் இவ்வளவுதான்: ‘சென்ற இதழில் இருபத்து மூன்றாம் பக்கத்தில் கற்பனை என்று வந்ததை, நடிகையின் தந்தை என்று திருத்திப் படிக்கவும்.’

தங்கள் இதழ் அச்சுப்பிழை என்ற ஒன்றையே அறியாமல் பல்லாண்டு வர வேண்டும், தங்கள் பிழைதிருத்துநர்களின் கண்கள் என்றும் மங்காதிருக்க வேண்டும், தங்கள் இல்லத்தில் அனைவருக்கும் சூடான தேநீர் கிடைக்க வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். தங்கள் துணைவியாருக்கு, அப்படி ஒருவர் இருந்தால், என் வணக்கம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநர், நகல் பிரிவு
(விருது பெற்ற நடிகையின் தந்தை)

இணைப்பு: 1. பதினெட்டு அசைவுகளின் பட்டியல். 2. மகளின் கடிதம், உண்மை நகல். 3. மனைவியின் சாட்சியம்.

பி.கு.: இணைப்புகள் எதுவும் உள்ளே இருக்காது. தேட வேண்டாம்.

மேலே உள்ளதை எழுதி முடித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியைச் சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார வைத்தேன். பட்டியலைப் படித்தேன். டம்ளருக்குச் சரி என்றாள். விரலுக்குச் சரி என்றாள். பதினேழுக்கும் சரி, சரி என்று தலையாட்டினாள், ஒன்றுக்கும் யோசிக்கக்கூட இல்லை. பதினெட்டாவதுக்குத் தேதி கேட்டேன். “அது நீங்க இல்ல” என்றாள். நன்றாக யோசித்துச் சொல் என்றேன். “யோசிக்க என்ன இருக்கு? நீங்க அப்படிச் செஞ்சதே இல்ல. செய்வீங்கன்னு அவ மூணு வாரம் பார்த்தா. பொட்டியைக் கட்டி வெச்சுட்டு ரெண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தா. நீங்க வரல. அப்புறம்தான் போனா.”

சரி, அதை அடித்துவிடலாம், கடிதத்தையாவது ஒப்புநோக்கி முடிப்போம் என்று பென்சிலை எடுத்தேன். அவள் அலமாரியிலிருந்து அசலைக் கொண்டுவந்து வாசித்தாள். அவள் நகல் பிரிவில் வேலை பார்த்தவள் அல்லவே, அதனால் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதையும் சொல்லவில்லை. கடிதத்தைக் கடிதம் மாதிரியே வாசித்துவிட்டாள். நான் பென்சிலை ஓட்டிக்கொண்டே போனேன். “அப்பா, நான் நடிக்கிறதை நீங்க ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. பிடிக்கலைன்னு சொல்லிட்டா நான் விட்டுடறேன். மத்தவங்க நல்லா இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு நீங்க சொல்லணும்” என்ற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் அப்படி நின்றது இல்லை. அந்த நான்கு வரியில் மூன்று வட்டம் இருக்கிறது, எல்லாம் என் வட்டம். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்குத்தான், அதாவது இன்றைக்குத்தான், எனக்குத் தெரிந்தது. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினேன், துடைப்பதற்காக அல்ல.

ஆகவே தங்கள் இதழில் வந்ததே சரி. அந்த விருது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அது முழுக்க முழுக்க அவளுடைய கற்பனைதான், அதற்கு இந்த வீட்டில் அசல் கிடையாது. திருத்தம் எதுவும் வேண்டாம். இதை வெளியிடவும் வேண்டாம். பிறகு எதற்கு அனுப்புகிறேன் என்றால், வீட்டில் நான் வைத்திருக்கும் வெளிச்செல்லும் கடிதப் பதிவேட்டில் ஏற்கெனவே நாற்பத்தொன்று என்று எண் போட்டுவிட்டேன். எண் போட்ட கடிதம் போய்த்தான் ஆக வேண்டும்.

விழாவுக்கு நாங்கள் இருவரும் போகிறோம். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளை நேரில் பார்த்ததும் அந்தப் படத்தின் கடைசி வசனத்தை அப்படியே நகலெடுத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். மாலையிலிருந்து மனைவி எதிரே உட்கார்ந்து என்னை ஒப்புநோக்கிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். “உன் லெட்டரை நான்” என்பது வரைக்கும் சரியாக வருகிறது.